லாக்டோமீட்டருக்குத் தெரியாத விஷம்

பாலைச் சோதிப்பது என்றால் நம் நினைவுக்கு வருவது லாக்டோமீட்டர். தண்ணீர் கலந்திருந்தால் அது ஓரளவு காட்டிக் கொடுக்கும். பால் சொசைட்டியில் உள்ள கருவி கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து விலை சொல்லும். இரண்டின் கண்ணிலும் படாதது பூச்சிமருந்து. வேடிக்கை என்னவென்றால், எந்தக் கொழுப்புக்காகக் கூடுதல் விலை கிடைக்கிறதோ, அதில்தான் அது ஒளிந்துகொள்கிறது.

டிடிடி, பிஎச்சி போன்றவை தண்ணீரில் கரைவதில்லை; கொழுப்பில் கரைபவை. மருந்தடித்த பயிரின் வைக்கோலைத் தின்ற மாட்டின் உடலில் சேர்ந்து, பால் வழியே வெளியேறுகின்றன. காய்ச்சினால் கிருமி சாகும், இவை போய்விடாது.

இது உடனே ஆளைக் கொல்லும் விஷம் அல்ல. கைவைப்பது ஹார்மோன்களின் மேல். டிடிடியின் ஒரு வடிவம் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கிறது. அது சிதைந்து உண்டாகும் டிடிஇ, ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது என்று 1995-ல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. பாலை நம்பி வளர்பவர்கள் குழந்தைகள் என்பதால் கவலை அதிகம்.

கண்டுபிடிக்க வழியிருக்கிறது. கொழுப்பைப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தினால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் இருந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் பெரிய ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 12 மாநிலங்களில் 2,205 மாதிரிகளைச் சோதித்து 1993-ல் முடிவை வெளியிட்டபோது, 82 சதவீதத்தில் டிடிடி இருந்தது. 37 சதவீதம், கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற அன்றைய வரம்பைத் தாண்டியவை. விவசாயத்தில் டிடிடிக்கு 1989-லும், பிஎச்சிக்கு 1997-லும் தடை வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் 6,432 மாதிரிகளைச் சோதித்தபோது பூச்சிமருந்து வரம்பை மீறியது ஒன்றே ஒன்று. தடைகள் வீண்போகவில்லை.

நிம்மதியாக இருந்துவிடலாமா? அந்த மாதிரிகள் 50,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் எடுக்கப்பட்டவை. கிராமத்தில் கறந்து அங்கேயே குடிக்கப்படும் பால் கணக்கில் வரவில்லை. வயலுக்கும் தீவனத்துக்கும் பக்கத்தில் இருப்பது அந்தப் பால்தான். மாவட்டந்தோறும் பாலையும் வைக்கோலையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்து, முடிவை ஊரறிய ஒட்டிவைக்க வேண்டும். கொழுப்புக்கு விலை போடத் தெரிந்த நாட்டுக்கு, அதற்குள் இருப்பதைப் பார்க்கத் தெரியாதா என்ன?