லாச்சிக்குள் கிடந்த விண்ணப்பம்



இம்முறை அலுவலக வேலை பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். "அது உத்தியோகம் பார்ப்பவர்களின் விடயம், எமக்கென்ன" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களில் சிலர் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறீர்கள். சிலர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறீர்கள். இன்னும் பலர் உங்கள் கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராகவோ பொருளாளராகவோ இருக்கிறீர்கள். ஒரு மேசை, ஓர் அலுமாரி, இரண்டு பதிவேடுகள் இருந்தால் அதுவும் ஓர் அலுவலகந்தான். இவை எதுவும் இல்லாதவர்களும் அந்த மேசைக்கு மறுபக்கத்தில் நின்று காத்திருந்தவர்கள்தானே. ஆகவே இது எம் எல்லோருக்கும் உரிய விடயம்.

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2014 ஆம் ஆண்டு. பட்டம் பெற்று, வன்னியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாழ்வாதார உதவிக்கான விண்ணப்பங்களைப் பொறுப்பேற்பது எனது வேலை. ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கோழி வளர்ப்புக்கான விண்ணப்பத்துடன் வந்தார். கணவர் இல்லை. இரண்டு பேரப்பிள்ளைகள் அவருடைய பொறுப்பில். விண்ணப்பத்தில் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் மட்டும் இல்லை. அவர் போன பிறகுதான் அதைக் கண்டேன். அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று லாச்சிக்குள் வைத்தேன். அதன்மேல் ஒரு சுற்றுநிருபம் வந்தது. அதன்மேல் ஒரு கூட்ட அறிக்கை வந்தது. விண்ணப்பம் அடியில் போய்விட்டது.

அந்த அம்மா அதன்பின் மூன்று தரம் வந்தார். இரண்டு பஸ் மாறி வரவேண்டிய தூரம். முதல் இரண்டு தரமும், "பார்த்துக்கொண்டிருக்கிறம் அம்மா, அடுத்த கிழமை வாங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அந்தக் கடதாசி எங்கே கிடக்கிறது என்பதே எனக்கு நினைவில் இல்லை. மூன்றாம் தரம் அவர் வந்தபோது பெயர்ப்பட்டியல் முடிந்து போய்விட்டிருந்தது. அவருக்கு முன்னாலேயே லாச்சியைக் கிண்டி விண்ணப்பத்தை எடுத்தேன்.

"ஏன் பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே ஜீ.எஸ். ஐயாவிட்டைப் போய் வாங்கிக்கொண்டு வந்திருப்பனே" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வருடப் பட்டியலில்தான் அவருக்கு உதவி கிடைத்தது. ஒரு வருட முட்டைக் காசு, அந்தப் பிள்ளைகளின் கொப்பியும் சப்பாத்தும், எனது லாச்சிக்குள் கிடந்து போயிற்று.

அன்று பின்னேரம் எங்கள் பிரதம லிகிதர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருந்த அம்மா அவர். "பிள்ளை, நீர் சோம்பேறியில்லை. விடியத்தொடக்கம் ஓடித்திரியிறீர். ஆனா வேலை ஓடேல்லை. ஆள் ஓடுறது வேறை, வேலை ஓடுறது வேறை" என்றார். உற்பத்தித்திறன் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

உற்பத்தித்திறன் என்றால் என்ன?

அதிக நேரம் அலுவலகத்தில் இருப்பது உற்பத்தித்திறன் ஆகாது. அதே நேரத்தில், அதே உழைப்பில், கூடிய பயனைப் பிழையில்லாமல் தருவதே உற்பத்தித்திறன். தொழிற்சாலையில் இதை அளப்பது இலகு. எத்தனை சட்டை தைத்தார்கள் என்று எண்ணிவிடலாம். மக்களுக்குச் சேவை செய்யும் அலுவலகத்தில் எதை எண்ணுவது? ஒருவர் ஓர் அலுவலுக்காக எத்தனை தரம் வந்து போனார் என்று எண்ணுங்கள். அதுதான் எமது அளவுகோல். எனது கணக்கில் அந்த அம்மாவின் எண் நான்கு. அது ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

யப்பானியரின் ஐந்து 'எஸ்'

எமது நாட்டு அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் 'ஐந்து எஸ்' என்ற சுவரொட்டியைக் கண்டிருப்பீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் 1945 இல் தோற்று, நகரங்கள் எரிந்து கிடந்த யப்பான், அதன்பின் தனது தொழிற்சாலைகளைக் கட்டியெழுப்பியபோது வளர்ந்த முறை இது. பணம் அதிகம் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. கொழும்பு காசல் வீதி பெண்கள் வைத்தியசாலை 2000 ஆம் ஆண்டளவில் இதைக் கைக்கொண்டு பெயர் பெற்றது. பின்னர் ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளும் வந்து பார்த்துக் கற்கும் முன்மாதிரியாக அது விளங்கியது.

அந்த ஐந்தும் இவைதான்:

1. செயிரி - பிரித்தெடுத்தல். தேவையானதையும் தேவையற்றதையும் பிரியுங்கள். எழுதாத பேனை, பழைய நாட்காட்டி, மூன்று பிரதியாகக் கிடக்கும் ஒரே கடிதம் இவற்றை அகற்றுங்கள். ஆனால் உத்தியோகபூர்வ ஆவணங்களை நாமாக எரிக்கவோ வீசவோ கூடாது. அவற்றை அழிப்பதற்கு விதிமுறைகள் உண்டு. பழைய கோவைகளைத் தனியே கட்டி, ஆண்டை எழுதி வையுங்கள்.

2. செயிற்றன் - ஒழுங்காக வைத்தல். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். கோவையின் முதுகில் இலக்கமும் பெயரும் எழுதுங்கள். றாக்கையில் அடுக்கிய கோவைகளின் முதுகுக்குக் குறுக்கே சரிவாக ஒரு நிறக் கோடு இழுத்துவிட்டால், ஒன்றை எடுத்த இடமும் மாறி வைத்த இடமும் தூரத்திலிருந்தே தெரியும். நீங்கள் விடுமுறையில் நின்றாலும் இன்னொருவர் வந்து கேட்ட கோவையை உடனே எடுத்துக் கொடுக்க முடியுமா? முடிந்தால் ஒழுங்கு சரி.

3. செய்சோ - துப்புரவு செய்தல். கூட்டும்போதுதான் கறையான் பிடித்த அலுமாரியும் ஒழுகும் கூரையும் கண்ணில் படும். வன்னி மண்ணில் ஒரு மாரிகாலம் பார்க்காமல் விட்டால் பதிவேட்டின் அரைவாசி போய்விடும்.

4. செயிக்கெற்சு - நியமமாக்கல். மேற்சொன்ன மூன்றையும் யார், எந்த நாளில் செய்வது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

5. சிற்சுக்கே - பழக்கமாக்கல். யாரும் சொல்லாமலே செய்வது. இதுதான் கடினமானது.

சகோதரிகளே, இதில் முதலாவது பாடத்தை எமக்கு யப்பானியர் கற்பிக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த காலத்தில், வீட்டில் எதை எடுப்பது எதை விடுவது என்று சில நிமிடங்களில் தீர்மானித்தவர்கள் நீங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரே பையில் போட்டு, நனையாமல் காத்துக் கொண்டு வந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். ஒரு கடதாசி தவறினால் என்ன நடக்கும் என்பதை எம்மைவிட நன்றாக அறிந்தவர் எவர்? அந்த அறிவை அலுவலக மேசைக்குக் கொண்டு வந்தால் போதும்.

காலையில் பத்து நிமிடம்

அலுவலகம் வந்ததும் கையில் அகப்பட்ட வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு கொப்பியில் இன்று முடிக்கவேண்டிய மூன்று வேலைகளை எழுதுங்கள். பத்து எழுதினால் ஒன்றும் முடியாது. மூன்றில் மிகக் கடினமானதை முதலில், மனம் தெளிவாக இருக்கும்போதே செய்யுங்கள்.

கணக்குப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது போன்ற வேலைகளுக்கு இன்னொரு முறை உண்டு. 1980களின் இறுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனம் ஊன்றாமல், தக்காளி வடிவிலான சமையலறை மணிக்கூடு ஒன்றை முன்னால் வைத்துப் படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் ஒரே வேலை, பின்னர் 5 நிமிட ஓய்வு என்பது அவர் வகுத்த முறை. அந்த 25 நிமிடமும் வட்ஸ்அப் பார்ப்பதில்லை. உங்கள் கைத்தொலைபேசியிலேயே மணி வைத்துக்கொள்ளலாம். ஆனால் சனம் வந்து நிற்கும் நேரத்தில் இந்த முறையைக் கைக்கொள்ள வேண்டாம். வந்தவரைப் பார்ப்பதே அப்போது முதல் வேலை.

ஒரே தரத்தில் சொல்லிவிடுங்கள்

எனது தவறிலிருந்து நான் கற்றது இதுதான். ஓர் அலுவலுக்கு என்னென்ன ஆவணம் தேவை என்பதை இலகு தமிழில் ஒரு தாளில் எழுதி, பிரதி எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தை வாங்கும்போதே, வந்தவரை இருத்தி, அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். குறையிருந்தால் அதைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் செல்லும். ஆனால் அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிஞ்சும். உங்களுக்கும் அடுத்த கிழமை அதே முகத்துக்கு அதே பதிலைச் சொல்லும் வேலை மிஞ்சும். வாங்கிய திகதி, பெயர், தொலைபேசி இலக்கம், அடுத்து என்ன செய்யவேண்டும் என நான்கு நிரல்களில் ஒரு பதிவேடு போடுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பதிவேட்டை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்த விண்ணப்பமும் லாச்சிக்குள் தூங்காது.

மறதி உங்கள் குற்றம் அல்ல

"முந்தி எல்லாம் நினைவிருக்கும். இப்ப ஒண்டும் மனசிலை நிக்குதில்லை" என்று பல சகோதரிகள் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். பெரும் இழப்பைக் கண்டவர்களுக்கும் இரவில் நித்திரை இல்லாதவர்களுக்கும் கவனமும் நினைவும் குறைவது இயல்பு. அது கெட்டித்தனம் இல்லாததன் அடையாளம் அல்ல. மனதில் வைத்திருப்பதை விட்டு எழுத்தில் வையுங்கள். ஒரு சிறு கொப்பி எப்போதும் கையில் இருக்கட்டும். நித்திரையின்மையும் நெஞ்சுப் படபடப்பும் தொடர்ந்தால் வைத்தியசாலையில் மனநலப் பிரிவை நாடத் தயங்காதீர்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

உடம்பையும் கவனியுங்கள். அலுவலகத்தில் மலசலகூடம் சரியில்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் அநேகர். தலையிடி, களைப்பு, சிறுநீர்த் தொற்று என்று அது வேலையையும் ஆளையும் கெடுக்கும். பூட்டுப் போடக்கூடிய, தண்ணீர் உள்ள மலசலகூடம் கேட்பது ஆடம்பரம் அல்ல. கூட்டத்தில் துணிந்து கேளுங்கள். தனியே கேட்கக் கூச்சமாயின் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ஹோத்தோர்ன் ஆய்வைப் பற்றிப் படித்தோம். அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகில் இருந்த தொலைபேசி உபகரணத் தொழிற்சாலை அது. 1927 இல் சில பெண் தொழிலாளரைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போயிற்று. தம்மைக் கவனிக்கிறார்கள், தம் கருத்தைக் கேட்கிறார்கள் என்ற உணர்வே காரணம் என்று எல்ரன் மேயோ போன்றோர் விளக்கினர். இல்லை, சம்பள முறையை மாற்றியதும் ஒரு காரணம் என்று பின்வந்தோர் வாதிட்டனர். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. மனிதருக்கு மதிப்பும் வேண்டும், உரிய கூலியும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எத்தனையோ அலுவலகங்களில் தேநீர் ஊற்றுவதும், கூட்டக் குறிப்பு எழுதுவதும், பிறந்தநாள் கேக் வாங்குவதும் பெண்களின் தலையில்தான். பிறகு "உங்கட வேலை ஏன் முடியேல்லை" என்ற கேள்வியும் அவர்களுக்குத்தான். இந்த வேலைகளை முறை வைத்து ஆண் பெண் எல்லோரும் செய்தால், யாருடைய பதவியும் குறைந்துவிடாது. ஆளணி போதாமல், ஒருவர் மூவரின் வேலையைப் பார்க்கும் இடங்களும் உண்டு. அங்கே கோவையை அடுக்குவதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை தேங்கியது என்ற கணக்கு கையில் இருந்தால், ஆள் வேண்டுமென்று கேட்பதற்கு அதுவே சாட்சி.

மேசைக்கு மறுபக்கத்தில் நிற்கும்போது

அலுவலகத்துக்குப் போகும் சகோதரிகளே, விண்ணப்பம் கொடுத்தால் அதற்குரிய பதிவு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதுங்கள். கொடுப்பதில் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச அலுவலகம் ஒன்றிடம் தகவல் கோரினால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானம் எடுக்கப்பட வேண்டும். "என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது" என்று கேட்பது உங்கள் உரிமை.

இந்த மாதம் ஒன்றே ஒன்று செய்து பார்ப்போம். நாளைக் காலை உங்கள் லாச்சியைத் திறந்து, அடிவரைக்கும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள். ஒவ்வொரு கடதாசியையும் கையில் எடுத்து, இதற்காக எங்காவது ஒருத்தி காத்திருக்கிறாளா என்று கேளுங்கள். காத்திருந்தால், அன்றே அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துவிடுங்கள்.

நான் இன்றும் வெள்ளிக்கிழமைகளில் லாச்சியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீடு போகிறேன்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.