தெளித்த சேறு



ஆங்கிலத்தில் 'ஆஸ்பர்ஷன்' என்றொரு சொல் உண்டு. பிறருடைய நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கும் பேச்சு என்பது அதன் இன்றைய பொருள். வேதாகமக் கல்லூரியிலோ நான் அதை வேறு பொருளில் கற்றேன். முழுக்காக அல்லாமல் தண்ணீர் தெளித்துக் கொடுக்கப்படும் ஞானஸ்நானத்திற்கும் அதுவே பெயர். தெளித்தல் எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஷேக்ஸ்பியரும் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் வானம் பொழியும் நீரைக் குறிக்கவே அதை வழங்கினார். தண்ணீரைக் குறித்த சொல், சேற்றையும் குறிக்கலாயிற்று.

சேற்றை வாரி இறைப்பவரை ஊரார் காண்பார்கள். தெளிப்பவரோ தாம் தெளித்ததையே அறியார். பட்டவருடைய வஸ்திரத்தில் மாத்திரம் கறை நிற்கும்.

நாங்கள் வாழும் அந்தமான் தீவுகள் இதற்குச் சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, இத்தீவினருக்கு நாயின் தலை போன்ற தலை உண்டென்று தம் பிரயாண நூலில் சொல்லிவைத்தார். தங்களை 'ஆங்' என்று அழைத்துக்கொள்ளும் மக்களை உலகம் 'ஜாரவா' என்கிறது. அது அண்டை இனத்தார் இட்ட பெயர், 'அந்நியர்' என்பது அதன் பொருள். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒராவோன், முண்டா, கரியா மக்கள் யாவருக்கும் 'ராஞ்சி' என்ற ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயர்தான், ஆனால் சொல்லப்படும் தொனியில் இளக்காரம் கலந்துவிட்டது.

என் வாயிலிருந்தும் ஒரு துளி தெறித்தது. சபைக் கட்டட வேலை தாமதமானபோது, "ராஞ்சி வேலை இப்படித்தான் இருக்கும்" என்று விசுவாசிகள் நடுவே சொன்னேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த தச்சுத் தொழிலாளியான சகோதரர் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "பாஸ்டர்ஜி, என் தகப்பனும் நானும் இந்தத் தீவில் பிறந்தவர்கள். ராஞ்சியை நான் கண்டதேயில்லை."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிழைப்புக்காகப் பட்டணம் சென்ற பிரியமானவரே, வடக்கே உம்மை 'மதராசி' என்று அழைத்தபோது உம் உள்ளம் நொந்ததல்லவா? அப்படியானால் இன்று உம் தெருவில் கட்டட வேலை செய்யும் வடநாட்டு வாலிபனை எப்பெயரால் அழைக்கிறீர்?

எபிரெயர் நிருபம் 12ஆம் அதிகாரம், ஆபேலின் இரத்தத்தைப் பார்க்கிலும் மேன்மையானவற்றைப் பேசும் தெளிக்கப்பட்ட இரத்தத்தைக் குறித்துச் சொல்லுகிறது. ஆபேலின் இரத்தம் பழியைக் கேட்டது; இதுவோ மன்னிப்பைப் பேசுகிறது. அந்தத் தெளிப்பினால் சுத்தமானவர்கள் பிறர்மேல் எதைத் தெளிக்கிறோம்?