வீட்டிலிருந்து வேலை: தீவகத்தார் எதை எடுப்பது, எதை விடுவது?

“வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், கைத்தொலைபேசி ஒன்று இருந்தால் போதும்” என்ற பேச்சு இப்பொழுது எமது கிராமங்களிலும் அடிக்கடி கேட்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நகரத்து அலுவலர்களுக்காகச் சொல்லப்பட்ட இந்த வசனம், இன்று அனலைதீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாண நகரத்திலும், வலிகாமத்திலும், வன்னியிலும் வாடகைக்கும் இரவல் காணியிலும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் சொல்லப்படுகிறது. ஊருக்குத் திரும்பிய குடும்பங்களுக்கும் இதுவே ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. இதிலே உண்மை எவ்வளவு, வெறும் ஆசைவார்த்தை எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வது எமக்குப் புதியதல்ல. புகையிலை விளைந்த காலத்திலே தோட்டத்து வேலை தோட்டத்தோடு முடிந்ததில்லை. இலையை உணர்த்துவதும் பாடம் போடுவதும் வீட்டு வளவுக்குள்ளேயே நடந்தன. யாழ்ப்பாணத்துச் சுருட்டுத் தொழிலில் எத்தனையோ கைகள் வீட்டிலிருந்தே உழைத்தன. பனை ஓலையிலே பாயும் கடகமும் பெட்டியும் சுளகும் இழைத்த பெண்கள் எவரும் அலுவலகம் போனதில்லை. அவர்கள் உழைப்பு வீட்டுக்குள் நடந்தபடியால் அது “சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலை” என்று பெயர் பெற்றது. கூலியும் அந்தப் பெயருக்கேற்பவே இருந்தது. விலையைத் தீர்மானித்தவர் வாங்க வந்தவர். விளக்கெண்ணெய்ச் செலவும் முதுகு நோவும் இழைத்தவருக்கு.

உலகம் முழுவதும் இதே கதைதான் நடந்தது. ஆகவேதான் 1996ஆம் ஆண்டு சர்வதேச தொழில் நிறுவனம் வீட்டு வேலையாளர் பற்றிய 177ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்பவரும் ஏனைய தொழிலாளரோடு இயன்றளவு சமமாக நடத்தப்படவேண்டும் என்பதே அதன் சாரம். ஓலைக்குப் பதிலாகத் திரை வந்துவிட்டது என்பதற்காக இந்த நியாயம் பழசாகிவிடாது. இணையத்தின் வழியாக வேலை தருவதாக எவர் வந்தாலும் மூன்று கேள்விகளை நாம் கேட்கவேண்டும்: விலையைத் தீர்மானிப்பவர் யார்? தரவுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு யாருடையது? காசு எப்போது, எந்த வழியாகக் கைக்கு வரும்? இந்த மூன்றுக்கும் நேரான மறுமொழி சொல்லாதவருடைய வேலையை ஏற்காமல் விடுவதே நன்று.

ஒரு அளவுகோல்

உற்பத்தித்திறன் என்ற சொல்லைப் பெரிய நிறுவனங்கள் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை வேலை முடிந்தது என்று அளக்கின்றன. தீவகத்து மக்களுக்கு அந்த அளவு பொருந்தாது. அனலைதீவிலிருந்து ஒரு படிவத்துக்காகவோ ஒரு கையொப்பத்துக்காகவோ ஊர்காவற்றுறைக்குப் போவதென்றால் படகு நேரம் பார்க்கவேண்டும், காற்றுப் பார்க்கவேண்டும், அலுவலர் இருப்பாரா என்றும் பார்க்கவேண்டும். அலுவல் ஐந்து நிமிடம். போனது ஒரு நாள். அந்த நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவில்லை, கூலிக்குப் போகவில்லை. இடம்பெயர்ந்து வெளியே வாழ்பவருக்கும் இதே கணக்குத்தான். தமது காணியை ஒரு தடவை பார்த்துவர அவருக்கும் ஒரு நாள் உழைப்புப் போகிறது.

ஆகவே எமது அளவுகோல் இதுதான்: இந்தக் கருவி ஒரு கடற்பயணத்தை மிச்சப்படுத்துகிறதா? மிச்சப்படுத்தினால் அது எமக்கு உதவும் கருவி. பொழுதை மட்டும் தின்றால், அது எவ்வளவு புதினமானதாக இருந்தாலும் எமக்கு வேண்டாம்.

கைக்கு எட்டிய நான்கு கருவிகள்

இந்த அளவுகோலால் அளந்து நான்கைச் சொல்கிறோம். நான்கும் காசில்லாமல் கிடைப்பவை. சாதாரண கைத்தொலைபேசியில் இயங்குபவை.

முதலாவது, ஆவணங்களைப் படம்பிடித்துச் சேமிப்பது. எமது குடும்பங்களுக்கு இதைவிட அவசரமானது வேறில்லை. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி போர்க்களமானபோதும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானபோதும், உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தவர்கள் எத்தனையோ பேர். காணியின் பெறுமதியோ அந்தக் கடதாசியில் தொங்குகிறது. இந்நாட்டுச் சட்டப்படி, பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரமுடியும். போரினால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருத்திற்கொண்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தச் சலுகைக்கும் காலக்கெடு இருந்தது. இப்படிப்பட்ட வேளைகளில் கடதாசி கையிலிருந்தவர் முன்னே போனார். தேடத் தொடங்கியவர் பின்தங்கினார். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிகாபைற் சேமிப்பிடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தின் உறுதி, நில அளவைப் படம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் வைத்தாலும் அதில் ஒரு மூலைகூட நிரம்பாது. படம் ஒருபோதும் மூலப்பிரதி ஆகாது. ஆனால் உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி கேட்பதற்கு அதுவே வழிகாட்டும்.

இரண்டாவது, பொதுக் கணக்குத்தாள். கூகுள் ஷீற்ஸ் போன்ற ஒன்றில் ஒரே கணக்கைப் பலர் பல இடங்களிலிருந்து பார்க்கலாம், எழுதலாம். எமது குடும்பங்களிலே ஒருவர் ஊரில், ஒருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் ரொறன்ரோவில். தோட்டத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது. விதைக்கு எவ்வளவு, எரிபொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு என்ற கணக்கு இல்லாதபடியால், அனுப்புகிறவருக்கு ஐயமும் பெறுகிறவருக்கு மனத்தாங்கலும் வளர்கின்றன. இருவரும் ஒரே தாளைப் பார்த்தால் அந்தக் காசு பிச்சையாகவும் இராது, கடனாகவும் இராது. கூட்டு முயற்சியின் முதலாக மாறும். தாளை முன்கூட்டியே தொலைபேசியில் இறக்கி வைத்தால், தொடர்பு இல்லாத வேளையிலும் எழுதலாம். தொடர்பு வந்ததும் அது தானாகவே சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, தமிழில் குரல்வழி எழுதுதல். தட்டச்சுப் பழகாதவர்கள், கண் மங்கியவர்கள், எழுதுவதற்குக் கூச்சப்படும் முதியவர்கள் ஆகியோர் பேசினால் தொலைபேசி எழுதித் தரும். 2017ஆம் ஆண்டு கூகுள் இவ்வசதியைப் பல மொழிகளுக்கு விரித்தபோது இலங்கைத் தமிழையும் தனியாகச் சேர்த்தது. பிழைகள் வரும், திருத்தவேண்டும். ஆயினும் பிரதேச செயலருக்கு ஒரு விண்ணப்பம் எழுத இன்னொருவர் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை என்பது சிறிய விடுதலை அல்ல.

நான்காவது, விலையும் காலநிலையும் அறிதல். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் மரக்கறி, வெங்காயம் முதலியவற்றின் சந்தை விலைகளை நாள்தோறும் வெளியிடுகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் வானிலை முன்னறிவிப்புத் தருகிறது. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பயிர் நோய்க்கு ஆலோசனை கேட்கலாம். அதற்கு இணையம்கூடத் தேவையில்லை. வெங்காயத்தைப் படகில் ஏற்றிய பிறகு திருநெல்வேலிச் சந்தையில் விலை விழுந்ததை அறிவதிலும், ஏற்றுவதற்கு முன் அறிவதிலும் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கமக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எம்மவர் செய்த வேலை

இணையத்தின் வழியாக வீட்டிலிருந்து உழைப்பது தமிழருக்கு இயலாத காரியம் என்று எவரும் எண்ணவேண்டாம். 1998 பொங்கல் நாளிலே தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தருவதற்கு உலகின் பல நாடுகளில் வாழ்ந்த தமிழரை ஒன்றுசேர்த்தது. தத்தம் வீடுகளிலிருந்து தட்டச்சுச் செய்தார்கள், மின்னஞ்சலில் அனுப்பினார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் அவ்வாறே காத்துவருகிறது. இவை சம்பளத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது உண்மையே. ஆனால் வேலையைச் சிறு பங்குகளாகப் பிரிப்பது, ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்ப்பது, திகதிக்கு முடிப்பது ஆகிய பழக்கங்கள் அங்கே உருவாயின. தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, கணக்குப் பதிவு என்று எமது பிள்ளைகள் கூலிக்குச் செய்யக்கூடிய வேலைகளுக்கும் இதே பழக்கங்கள்தான் வேண்டும். கருவியைப் படிப்பதற்கு ஒரு வாரம் போதும். பழக்கத்தைப் படிக்க ஒரு வருடம் வேண்டும்.

தனி வீட்டுக்கு அல்ல, ஊருக்கு

எல்லாம் கருவியால் ஆகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாத திரை கறுப்புக் கண்ணாடிதான். 2022இல் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது நகரத்தவரும் அதை உணர்ந்தார்கள். தீவுகளோ நெடுங்காலமாக டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி இருந்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் 1,700 கிலோவாட் சூரியசக்தியும் 530 கிலோவாட் காற்றுசக்தியும் தருவதற்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தகைய திட்டம் ஒவ்வொன்றைப் பற்றியும் ஊரவர் ஒரு கேள்வியைத் தொடர்ந்து கேட்கவேண்டும்: அந்த மின்சாரம் தோட்டத்துப் பம்புக்கும் பிள்ளையின் மேசைக்கும் எந்த விலையில் வரும்?

வசதி உள்ளவருக்கு மட்டும் தகவல் போய்ச் சேருவதும் ஒரு ஆபத்து. புதுச்சேரிக் கிராமங்களில் 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, வில்லியனூரைத் தலைமை நிலையமாகக் கொண்டு கடலோர ஊர்களுக்கும் செய்தி அனுப்பியது. வீராம்பட்டினத்திலே அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தைப் பார்த்து, அதை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கணனி ஒன்று, கேட்டது ஊர் முழுவதும். 2004 டிசம்பர் 26இல் நல்லவாடு கிராமத்தவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தபோது, மையத்தின் ஒலிபெருக்கி ஊரைக் கிளப்பியது. அலை வந்தபோது மக்கள் கரையிலே இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு ஒரு வீட்டோடு நின்றிருந்தால் அன்று ஒரு குடும்பமே தப்பியிருக்கும்.

இதிலிருந்து எமக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. ஒவ்வொரு ஊரிலும், இடம்பெயர்ந்தோர் செறிந்து வாழும் ஒவ்வொரு இடத்திலும், வாசிகசாலையிலோ சங்கக் கட்டடத்திலோ ஒரு பொது மேசை வேண்டும். ஒரு கணனி, ஒரு அச்சுப்பொறி, மின்கலத்தோடு கூடிய ஒரு சூரியத் தகடு, சம்பளம் பெறும் ஒரு இளம்பெண் அல்லது இளைஞன். காலையில் விலையையும் காற்றையும் பார்த்துப் பலகையில் எழுதவேண்டும். பகலில் படிவங்களுக்கும் ஆவணங்களுக்கும் உதவவேண்டும். மாலையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அந்த மேசை இடம் கொடுக்கவேண்டும். வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்கள் மண்டபங்களுக்கும் வளைவுகளுக்கும் கொடுப்பதில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாம்.

எச்சரிக்கைகள் இரண்டு

வேலை தருகிறோம், முதலில் பதிவுக் காசு கட்டுங்கள் என்பவன் வேலை தரமாட்டான். இன்னும் நான்கு பேரைச் சேர்த்தால் இலாபம் என்பது பிரமிட் வியாபாரம். வங்கிச் சட்டத்தின்கீழ் அது இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கத்தை வங்கி ஒருபோதும் கேட்காது. இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும், முக்கியமாக வயதானவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மற்றது அரச அலுவலகங்களுக்கு. இணையத்தில் படிவம் இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி நடமாடும் சேவையையோ படகையோ தபாலையோ குறைக்கக்கூடாது. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது, தொலைபேசி இல்லாதவர்கள் கடதாசியில் அச்சிட்டுக்கொண்டு போனார்கள். கடதாசிக்கும் இடம் இருந்தபடியால்தான் அந்த முறை எல்லோருக்கும் எட்டியது. எந்த மின்முறைக்கும் அப்படியொரு கடதாசி வழி இருக்கவேண்டும் என்பது எமது உறுதியான கோரிக்கை.

பிள்ளைகள் எல்லோரும் திரைக்கு முன்னால் இருக்கவேண்டும் என்பது எமது விருப்பம் அல்ல. தோட்டம் தரிசாகக் கிடக்க, வீட்டுக்குள்ளிருந்து வேறு நாட்டுக் கணக்கை எழுதுவது முழு வாழ்வும் ஆகாது. ஆனால் ஊரை விட்டுப் போகாமலே ஒரு பிள்ளை அரைநாள் உழைத்து, மிச்ச அரைநாள் தகப்பனோடு வெங்காயத்துக்குத் தண்ணீர் மாற முடியுமானால், பூட்டிக் கிடக்கும் வீடுகளில் சிலவாவது திறக்கும். வரும் வாரத்தில் ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டியிலுள்ள உறுதியை எடுத்து, வெளிச்சத்தில் விரித்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, நம்பிக்கையான இருவரிடம் ஒவ்வொரு பிரதி வைத்துவிடுங்கள். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம்.