பட்டினி தெய்வீகமா?

பெண் பிள்ளை ஒருத்தி சாப்பிட மறுத்தால் நம் ஜனங்கள் அதற்கு மூன்று பெயர் வைத்திருக்கின்றார்கள். விரதம் என்று சொல்லி மறுத்தால் பக்தி. ஒன்றும் சொல்லாமல் மறுத்தால் திமிர். எலும்பும் தோலுமாய்ப் பாயில் விழுந்துவிட்டாலோ பேய். முதலாவதற்குக் கும்பிடு, இரண்டாவதற்கு அடி, மூன்றாவதற்குக் கோடாங்கியும் வேப்பிலையும். இம்மூன்றில் எதுவாவது அவள் வயிற்றுக்குள் ஒரு பிடி சோற்றை அனுப்பியதுண்டா என்று கேட்கின்றோம்.

இந்த மூடத்தனத்தில் வெள்ளைக்காரனும் நமக்கு இளைத்தவனல்ல. வேல்ஸ் நாட்டில் ஒரு குடியானவன் மகள், சாரா ஜேக்கப் என்ற சிறுமி, 1867-ம் வருஷத்திலிருந்து ஆகாரமே இல்லாமல் ஜீவிக்கின்றாள் என்று பெற்றோர் சொன்னார்கள். ஊர்ப் பாதிரியார் அதை நம்பிப் பத்திரிகைக்கே எழுதினார். பிறகு கேட்கவேண்டுமா? ஜனங்கள் திரண்டுவந்து, சிங்காரித்துப் படுக்கையில் கிடத்தியிருந்த பெண்ணைத் தரிசித்துக் காசும் பரிசும் வைத்துப்போனார்கள். இரகசியமாய் ஏதோ கொஞ்சம் தின்றுதான் உயிரோடிருந்திருப்பாள் என்பது பகுத்தறிவுள்ள எவனுக்கும் விளங்கும். 1869 டிசம்பரில் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு நர்சுகள் வந்து இரவு பகல் காவலிருந்தார்கள். கேட்டால் கொடுக்கலாம், வலியக் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. குழந்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? ஊரே அற்புதம் என்று கொண்டாடிய பின் ஒரு வாய் பால் கேட்டால் அப்பனும் அம்மாளும் பொய்யர்களாகிவிட மாட்டார்களா? 17-ந் தேதி, 12 வயதில், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கவே செத்தாள். 1870-ல் தகப்பனுக்கு ஒரு வருஷமும் தாய்க்கு ஆறு மாதமும் தண்டனை. அற்புதத்தை விளம்பரம் செய்த பாதிரிக்கு ஒன்றுமில்லை!

அதே கைஸ் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் வைத்தியராயிருந்த வில்லியம் கல் என்பவர் 1873-ல் இதை மனத்தைப் பற்றிய நோய் என்று விவரித்தார். அவர் இட்ட அனரெக்சியா நெர்வோசா என்ற பெயரே இன்றும் வழங்குகின்றது. வாரி வாரித் தின்றுவிட்டு விரலை விட்டு வாந்தியெடுக்கும் வகைக்கோ 1979-ல்தான் பெயர் கிடைத்தது.

காரணம் என்ன? ஹிட்லருக்குத் தப்பிய வைத்தியர் ஹில்டே ப்ரூக் அம்மையார் இப்பெண்களோடு வருஷக்கணக்காய்ப் பேசிப்பார்த்து, எதன்மீதும் தனக்கு அதிகாரமில்லை என்று உணர்பவள் தன் உடம்பின்மீதாவது அதிகாரம் செலுத்தப் பார்க்கின்றாள் என்று கண்டார். படிப்பும் புருஷனும் பிறர் தீர்மானிப்பது. சந்தை மாடு பார்ப்பதுபோல் பெண் பார்த்துப் “பருமன்” என்று சொல்லிப்போவதும் பிறரே. மிச்சமிருப்பது அவள் வாய் ஒன்றுதானே! பரம்பரைக் கூறும் இதில் உண்டு, ஆண்களுக்கும் வரும் என்பதும் உண்மை.

ஆனால் பட்டினி தொடங்கியபின் பட்டினியே புத்தியைக் கெடுக்கும். 1945-ல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில், நல்ல திடமான 36 வாலிபர்களுக்கு ஆன்சல் கீஸ் என்பவர் ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். சாப்பாட்டைத் தவிர வேறு சிந்தனையில்லை, தட்டை நக்கினார்கள், சிலர் சமையல் புஸ்தகம் சேர்த்தார்கள், சிநேகம் விட்டது, துக்கம் பிடித்தது. அவர்களை எந்தப் பேய் பிடித்ததாம்?

ஆகவே வைத்தியமும் சோற்றிலிருந்தே தொடங்குகின்றது. உறவினர்தான் மோசமான காவலர்கள் என்று கல் சொன்னார். லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியார் பின்னாளில் அதைத் தலைகீழாக்கினார்கள். இளம் பிள்ளைகளாயின், பெற்றோரைக் குற்றவாளியாக்காமல், வேளாவேளைக்கு உண்பிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுப்பது. உடம்பு தேறத் தேற அதைப் பிள்ளையிடமே திருப்பி ஒப்படைப்பது. பெரியவர்களாயின், நேரந்தவறாமல் உண்ணப் பழக்கி, உண்ணுமுன் வந்த எண்ணத்தையும் பயத்தையும் எழுதிவைக்கச் செய்து, உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. மாதக்கணக்காகும்.

ஒரு எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்தவள் சம்மதித்துவிட்டாள் என்று ஒரேயடியாய் விருந்து போட்டுவிடாதீர்கள். இரத்தத்திலுள்ள உப்புக்கள் நிலைகுலைந்து இருதயம் நின்றுவிடக்கூடும். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து, டாக்டர் சொல்லும் அளவில், கொஞ்சங் கொஞ்சமாய்க் கொடுக்கவேண்டும். கோடாங்கிக்கு வைத்திருக்கும் பணம் வண்டிச் சத்தத்துக்கு ஆகும்.