கோவாவின் கடற்கரை: விலைக்குப் போகும் நிலம், வெளியேற்றப்படும் உழைப்பாளி

மும்பையில் இரண்டு அறை வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்குக் கோவாவில் தோட்டத்துடன் கூடிய வீடு. கணினியைத் திறந்தால் அலுவலகம், கதவைத் திறந்தால் கடல். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, வீட்டிலிருந்தபடியே வேலை என்பது வழக்கமான நாள்முதல், ரியல் எஸ்டேட் நிறுவனங்களும் அவற்றின் விளம்பர வருமானத்தில் வாழும் ஊடகங்களும் இந்த மந்திரத்தை ஓயாமல் ஓதி வருகின்றன. தில்லி, மும்பை, பெங்களூரு நகரங்களிலிருந்து பலர் மூட்டை முடிச்சுகளுடன் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்தது முதலீடு.

வந்தவர்கள் அனைவரும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்கே பறிகொடுத்து, பெருநகரத்தில் சொந்த வீடு என்பது ஆயுளுக்கும் எட்டாது என்று உணர்ந்து வந்த இளம் ஊழியர்கள் உண்டு. தில்லியில் ஒரு மாளிகை, துபாயில் ஒரு குடியிருப்பு, அவற்றுடன் கோவாவில் ஆண்டுக்குச் சில வாரங்கள் தங்க ஒரு வில்லா என்று வாங்கிப் போட்டவர்களும் உண்டு. முதல் வகையினர் ஒரு நகரத்தின் நிலச்சந்தையால் விரட்டப்பட்டு இன்னோர் ஊரின் நிலச்சந்தைக்குள் விழுந்தவர்கள். இரண்டாம் வகையினர் இரண்டு ஊர்களின் விலையையும் ஏற்றியவர்கள். இருவரையும் ‘புதிய கோவாக்காரர்கள்’ என்று ஒரே பெயரால் அழைப்பது ஊடகங்களுக்கு வசதியாக இருக்கிறது.

முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது என்று எங்கெல்ஸ் 1872-ல் எழுதத் தொடங்கிய கட்டுரைத் தொடரில் எடுத்துக்காட்டினார். அவர் பேசியது ஐரோப்பியத் தொழில் நகரங்களின் சேரிகளைப் பற்றி. இன்று அந்த நகர்வு மும்பையிலிருந்து வடகோவாவின் பார்தேஸ், பெர்னெம் வட்டங்களுக்கு வந்திருக்கிறது.

அஸகாவ், சியோலிம், அஞ்சுனா, மோர்ஜிம், மாந்த்ரே, ஆரம்போல். பத்திரிகைகளின் சொத்து விளம்பரப் பக்கங்களைப் பார்ப்பவர்களுக்கு இப்பெயர்கள் பழகியிருக்கும். இந்த ஊர்களில் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், விடுதியில் அறை துடைப்பவர், மருத்துவமனைச் செவிலியர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்தனர். அதே வீட்டைப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் மாதத்தில் சில நாட்களிலேயே பழைய வாடகை கிடைத்துவிடும் என்று உரிமையாளர் கணக்குப் போடுகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதில்லை. அக்டோபரில் பருவம் தொடங்குமுன் காலி செய்யச் சொல்வதற்கு எந்தக் காரணமும் காட்டத் தேவையில்லை. அந்தத் தொழிலாளி உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து, வேலைக்கு வரப் பெட்ரோலுக்குச் செலவழிக்கிறார். பயணிகள் பருவம் முடிந்தால் அந்த வேலையும் இல்லை.

கரைவலை இழுத்த ரம்போண்கார் மீனவர்களின் நிலை வேறு விதமானது. 1970-களில் இயந்திர விசைப்படகுகளுக்கு எதிராக அவர்கள் நடத்திய போராட்டமே இந்திய மீனவர் இயக்கத்தின் அகில இந்திய அமைப்புக்கு வித்திட்டவற்றுள் ஒன்று. அன்று கடலில் இருந்த போட்டி இன்று கரைக்கும் ஏறிவிட்டது. வள்ளத்தை ஏற்றி வைக்கவும், வலையை உலர்த்தவும், மகனுக்குத் திருமணமானால் பக்கத்தில் ஓர் அறை கட்டவும் இடம் வேண்டும். அந்த இடத்தின் விலையை இப்போது தில்லி நிர்ணயிக்கிறது.

காலி வீடுகளின் கணக்கு

‘வீடுகள் குறைவு, அதனால் விலை ஏறுகிறது, கட்டுப்பாடுகளைத் தளர்த்தி நிறையக் கட்டினால் விலை இறங்கும்’ என்பது கட்டுமான முதலாளிகளின் வாதம். பொருளாதாரப் பாடநூலின் முதல் அத்தியாயத்தைப் படித்த எவருக்கும் இது நியாயமாகத் தோன்றும். கோவாவின் கணக்கு இதை மறுக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவாவின் மக்கள்தொகை சுமார் 14.6 லட்சம், காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1.25 லட்சம். ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட வீடு பூட்டிக் கிடந்தது. வளைகுடாவுக்கும் போர்ச்சுக்கலுக்கும் பிழைக்கப் போன குடும்பங்களின் பூர்வீக வீடுகளும், பாகப்பிரிவினை முடியாதவையும் அவற்றுள் உண்டு என்பது உண்மை. ஆயினும், ஒருவருக்கும் இருப்பிடமாகாமல் முதலீடாக மட்டுமே எழுந்த கட்டடங்களும் அக்கணக்கில் அடக்கம். இது 2020-க்குப் பிந்தைய அலைக்கு முந்தைய கணக்கு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பை ஒன்றிய அரசு ஒத்திவைத்தது.

நாடு முழுவதையும் பார்த்தாலும் இதே கதைதான். 2011-ல் நகர்ப்புற இந்தியாவில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. 2012-ல் ஒன்றிய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.878 கோடி என்று மதிப்பிட்டது. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் பொருளாதாரத்தில் நலிந்தோரும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும் சந்திக்கும் பற்றாக்குறை. வீடும் இருக்கிறது, வீடற்றவரும் இருக்கிறார்; இருவரையும் பிரித்து நிற்பது விலை. இன்னும் பத்தாயிரம் வில்லாக்கள் கட்டினாலும் அந்தச் செவிலியருக்கு ஓர் அறை கிடைக்காது. அவர் வாங்கக்கூடிய வீட்டைக் கட்டுவதில் முதலாளிக்கு லாபம் இல்லை.

சட்டங்கள் யாருக்காக வளைகின்றன?

நிலச்சந்தை இயற்கையாக இவ்வளவு சூடேறவில்லை. அதை மூட்டிய கைகள் சட்டப்பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் இருக்கின்றன.

எந்த நிலம் வயல், எந்த நிலம் தோப்பு, எது குடியிருப்பு என்று கோவாவில் வகுத்து வைப்பது மண்டலத் திட்டம். அதை மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக மாற்ற முயன்றால் மக்கள் திரள்வார்கள் என்ற பாடத்தை ஆட்சியாளர்கள் 2006-07-ல் கற்றார்கள். அப்போதைய காங்கிரஸ் அரசு 2006-ல் அறிவித்த ‘மண்டலத் திட்டம் 2011’ வயல்களையும் மலைச்சரிவுகளையும் கட்டுமானத்துக்குத் திறந்துவிட்டது. ‘கோவா பச்சாவ் அபியான்’ என்ற பெயரில் ஊர் ஊராக எழுந்த எதிர்ப்பின் முன் நிற்க முடியாமல் 2007 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதன்பின் வந்த பாஜக அரசு வேறு வழியைக் கண்டது. மொத்தமாக மாற்றுவதற்குப் பதிலாக மனை மனையாக மாற்றுவது. நகர், ஊரமைப்புச் சட்டத்தில் 2018-ல் 16பி பிரிவு நுழைக்கப்பட்டது. அதற்கு எதிர்ப்பும் வழக்கும் வலுத்த பின், 2023-ல் 17(2) வந்தது: மண்டலத் திட்டத்தில் ‘கவனக்குறைவால் நேர்ந்த பிழைகளை’ திருத்துவதற்காம். வயல் என்று எழுதப்பட்டிருந்ததே பிழை, குடியிருப்பு என்று எழுதியிருக்க வேண்டும் என்று நில உரிமையாளர் விண்ணப்பித்தால் அரசு திருத்தித் தரும். இத்தனை ‘பிழைகளும்’ கடல் தெரியும் மேட்டிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நேர்ந்தது ஏன் என்று கோவா மக்கள் கேட்டனர். 17(2)-இன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2025-ல் ரத்து செய்தது. அதற்கு முன்பே, 2024-ல், 39ஏ என்ற அடுத்த கதவு திறக்கப்பட்டுவிட்டது. இப்பிரிவின்கீழ் ஒரு நிலத்தின் வகையை மாற்றுவதற்கு முன் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். பகல் முழுவதும் வயலிலும் கடலிலும் இருப்பவர், எந்தச் சர்வே எண் என்றைக்கு அறிவிக்கையில் வந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, பனாஜிக்கு மனு எழுத வேண்டும். கிராம சபைக்கு இதில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை.

2023-ல் இதே அரசுதான், நெல் வயலை விவசாயி அல்லாதவருக்கு விற்பதைத் தடை செய்யும் சட்டத்தையும் இயற்றிப் பெருமை பேசியது. நெல் வயலுக்கு ஒரு பூட்டு, தோப்புக்கும் மலைச்சரிவுக்கும் திறந்த கதவு. உப்பு நீரைத் தடுத்து நிறுத்தும் வரப்புகளும் மதகுகளும் கொண்ட கசான் நிலங்களைத் தலைமுறை தலைமுறையாக ஊரார் கூடிப் பராமரித்து வந்தனர். மேட்டில் காட்டை வெட்டிக் கட்டடம் எழுப்பினால், மழைக்காலத்தில் மண்ணும் கழிவும் கீழே வயலில்தான் வந்து இறங்கும். வில்லாவின் நீச்சல் குளத்துக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. அதே ஊரின் கிணறு கோடையில் வறள்கிறது.

ஒன்றிய அரசு செய்தது இதைவிடப் பெரிது. 2019 ஜனவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிக்க கிராமப்புறக் கடற்கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப் பகுதியை 50 மீட்டராகச் சுருக்கியது. இது கோவாவுக்கு மட்டுமானதன்று. தமிழகக் கரையும் இதில் அடங்கும். மீனவர் குப்பங்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டமிட வேண்டும் என்ற கடமை காகிதத்தில் தூங்குகிறது. 2022 டிசம்பரில் பெர்னெம் வட்டத்தின் மோபாவில் ஜிஎம்ஆர் குழுமத்தின் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதுவரை ஒதுங்கிக் கிடந்த அவ்வட்டம் நிலத் தரகர்களின் வேட்டைக்களமாகியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் 88 இரும்புத் தாது குத்தகைகளை ரத்து செய்தபின், கோவாவின் பணம் படைத்தோருக்கு நிலமே அடுத்த சுரங்கமானது.

வரிச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பூட்டி வைத்த இரண்டாவது வீட்டின் மீது, வாடகை வந்ததாகக் கருதி வரி விதிக்கும் வழக்கம் இருந்தது. 2019-ல் மோடி அரசு அதை நீக்கியது. அதே ஆண்டில், ஒரு வீட்டை விற்ற மூலதன ஆதாயம் 2 கோடி ரூபாய் வரை இருந்தால், அதை இரண்டு வீடுகளில் போட்டு வரிவிலக்குப் பெறவும் வழி செய்தது. 2025 பட்ஜெட்டில், இரண்டு வீடுகள் வரை அவற்றில் ஏன் குடியிருக்கவில்லை என்று காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று சலுகை விரிந்தது. அரிசிக்கும் மருந்துக்கும் ஜிஎஸ்டி கட்டும் தொழிலாளியின் நாட்டில், காலியாகக் கிடக்கும் கடலோர வீட்டுக்கு இந்தக் கரிசனம். 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமோ, வாடகைக்கு உச்சவரம்பு என்ற கருத்தையே ஒழித்து, இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்கிறது. வீடு இல்லாதவரும் வீடுகளை வைத்திருப்பவரும் சமமாக உட்கார்ந்து பேசுவார்களாம்!

கோபத்தைத் திசைதிருப்பும் அரசியல்

கோவா மக்களின் கோபம் நியாயமானது. அதைச் சிலர் கொண்டு செல்லும் திசை நியாயமானதன்று. 2022 தேர்தலில் ஒரு தொகுதியை வென்ற ரெவல்யூஷனரி கோவன்ஸ் கட்சி, 1961 டிசம்பர் 20-க்கு முன் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ கோவாவில் பிறந்திருந்தால்தான் ‘கோவா வம்சாவளியினர்’ என்று வரையறுக்கும் மசோதாவை முன்வைத்தது. வேலையும் வீடும் அவர்களுக்கே முதலில் என்கிறது அக்கட்சி. இந்த அளவுகோலில் தேறாதவர் யார்? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, அந்த வில்லாக்களைக் கட்டிவிட்டுத் தகரக் கொட்டகையில் உறங்கும் தொழிலாளி. வட கர்நாடகத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகத் துறைமுகத்திலும் மீன் சந்தையிலும் உழைக்கும் குடும்பம். தோப்பை விற்ற பட்காரும், அதன் வகையை மாற்றக் கோரி மனுப் போட்ட தரகரும் வம்சாவளிச் சோதனையில் முதல் வகுப்பில் தேறிவிடுவார்கள்.

பாஜகவும் இந்த விளையாட்டில் பின்தங்கவில்லை. கோவாவில் நடக்கும் குற்றங்களில் 90 சதவீதம் பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களால் நடப்பவை என்று முதலமைச்சர் பிரமோத் சாவந்த் 2023-ல் பேசினார். பேசிய நாள் மே தினம். தில்லியிலிருந்து நிலம் வாங்க வருபவரை ‘முதலீட்டாளர்’ என்று வரவேற்கும் அதே வாய், செங்கல் சுமக்க வருபவரைச் சந்தேகத்துக்குரியவர் என்கிறது. இருவரும் வெளி மாநிலத்தவரே.

இடிப்பு இயந்திரம் எங்கே போகிறது என்று பார்த்தால் இந்த அரசியலின் வர்க்கம் தெரியும். 2024 ஏப்ரலில் சங்கோல்டாவில், ஊர்ப் பொதுச் சொத்தான கொமுனிதாத் நிலத்தில் இருந்த 22 வீடுகள் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டன. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுடன் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதே ஆண்டு ஜூனில் அஸகாவில், நிலம் கைமாறிய தகராறில், குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதி அடியாட்களின் காவலில் பொக்லைன் கொண்டு இடிக்கப்பட்டது. காவல்துறையின் பங்கு பற்றி எழுந்த கண்டனம் மாநிலத்தையே உலுக்கியது. அந்த வீட்டில் இருந்தவர்கள் கோவாக்காரர்கள்.

பட்கார் நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த முண்ட்கார்களுக்கு, வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பையும் வீட்டு மனையை வாங்கும் உரிமையையும் 1975 சட்டம் தந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் மாம்லத்தார் நீதிமன்றங்களில் அவ்வழக்குகள் தவணை மேல் தவணை வாங்குகின்றன. நிலத்தின் விலை ஏறியபின், முண்ட்காருக்கு உரிமை எழுதித் தருவதைவிட, மனையை நிறுவனத்துக்கு விற்பதே பட்காருக்கு லாபம். முண்ட்காருக்கு ஒரு தீர்ப்பு எழுதப் பல ஆண்டுகள் ஆகும் அரசாங்கத்தில், ஒரு தோப்பைக் குடியிருப்பாக்க 30 நாள் போதுமாக இருக்கிறது.

ஆகவே கோரிக்கையும் வர்க்கக் கண்ணோட்டத்தில்தான் எழ வேண்டும். 39ஏ பிரிவு ரத்து செய்யப்பட வேண்டும். இப்பிரிவுகளின் கீழ் ஏற்கெனவே வகை மாற்றப்பட்ட நிலங்கள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வகை மாற்றம் எதுவானாலும் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். முண்ட்கார் வழக்குகளைக் காலக்கெடு வைத்து முடிக்க வேண்டும். மீனவர் குப்பங்களுக்குக் கூட்டுப் பட்டா வேண்டும். பூட்டிக் கிடக்கும் இரண்டாவது, மூன்றாவது வீடுகளுக்கு வரி விதித்து, அப்பணத்தில் அரசே குறைந்த வாடகைக் குடியிருப்புகளைக் கட்ட வேண்டும். அவற்றில் கோவாவில் பிறந்த விடுதித் தொழிலாளிக்கும் ஒடிசாவிலிருந்து வந்த கொத்தனாருக்கும் ஒரே விதியில் இடம் வேண்டும்.

இவற்றுள் கடைசிக் கோரிக்கையே கோவாவில் எளிதில் கைதட்டல் பெறாதது. தொழிற்சங்கத் தோழர்கள் விடுதி வாசலிலும் கட்டுமானத் தளத்திலும் முதலில் பேச வேண்டியதும் அதுவே.