மகளுக்கேற்ற கல்லூரி: முடிவு யாருடையது?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் இல்லங்களில் இருவகைக் கவலைகளைக் காணலாம். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்பது ஒன்று. மதிப்பெண் மிகுந்த பெண்ணை எங்கே சேர்ப்பது என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றிப் பலரும் பேசுவர். பின்னதைக் கவலை என்றே எவரும் கருதுவதில்லை. "இடம் கிடைத்துவிட்டதே, பிறகென்ன?" என்பர். ஆயின், எளிதில் இடம் கிடைக்காத கல்லூரிகள் இரண்டு ஒரே வாரத்தில் கதவைத் திறக்கும்போதுதான், ஒரு குடும்பம் தன் மகளைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கின்றது என்பது வெளிப்படுகின்றது. இதனை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை; என் இல்லத்திலிருந்தே கற்றேன்.

2023ஆம் ஆண்டு என் மகள் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றாள். அவள் விரும்பிய பாடம் கணிதம். திருச்சியில் ஒரு கல்லூரியிலும் சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியிலும் அப்பாடத்திற்கே இடம் கிடைத்தது. இரண்டும் பெயர் பெற்றவை. இரண்டும் தன்னாட்சிக் கல்லூரிகள். திருச்சி எங்கள் ஊருக்கு இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவு. சென்னையோ ஓர் இரவு முழுதும் இரயிலில் செல்ல வேண்டிய தொலைவு. என் மனம் முதல் நாளே திருச்சியைத் தேர்ந்துவிட்டது. மகளிடம் மட்டும், "நீயே முடிவு செய்" என்று பெருந்தன்மையோடு கூறிவிட்டேன். அவள் முடிவும் என் முடிவாகவே இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம்!

உறவினர்கள் வந்தனர். ஒருவர் தரவரிசைப் பட்டியலைக் கொணர்ந்தார். மற்றொருவர் எந்தக் கல்லூரிக்கு 'நாக்' குழு எந்தத் தகுதி வழங்கியது என எடுத்துரைத்தார். இவை பயனற்றவை அல்ல. 1994இல் தோன்றிய தேசிய மதிப்பீட்டு அவையும், 2016 முதல் நடுவண் அரசு வெளியிட்டு வரும் தரவரிசையும் பெற்றோர்க்குப் பெருந்துணையே. ஆனால், அவை எதனை அளக்கின்றன என்பதை அறிந்து பயன்கொள்ளல் வேண்டும். தரவரிசை ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் இடுகின்றது: கற்பித்தலும் அதற்கான வளங்களும், ஆய்வு, மாணவர் தேர்ச்சியும் அதன் பின்னைய நிலையும், அனைத்துத் தரப்பினர்க்கும் இடமளித்தல், கல்லூரியைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள எண்ணம். கல்லூரிகளின் பட்டியலில் இவ்வைந்தும் கல்லூரி முழுமைக்கும் உரியனவே. நம் மகள் பயிலப் போவதோ ஒரு துறையில். அத்துறையின் ஆசிரியர் எத்தகையவர், அவள் ஐயம் கேட்டால் நின்று விடை கூறுவாரா என்பதை எந்தப் பட்டியலும் உரைப்பதில்லை.

எனவே, இரு கல்லூரிகளையும் நேரில் காணச் சென்றோம். நான் விடுதிக் காப்பாளரைச் சந்தித்தேன். வாயிற்கதவு எப்போது அடைக்கப்படும், வெளியே செல்ல யாருடைய ஒப்புதல் வேண்டும், தொழுகைக்கும் நோன்புக்கும் வசதி உண்டா என்று வினவினேன். தந்தை கேட்க வேண்டிய வினாக்களே அவை. என் மகளோ மூன்றாமாண்டு மாணவியரைத் தேடிச் சென்றாள். நூலகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும், கோடை விடுமுறையில் நடைபெறும் கணிதப் பயிற்சி முகாம்களுக்கு ஆசிரியர்கள் விண்ணப்பிக்கச் சொல்வார்களா, இங்கே பயின்றோர் முதுகலைக்கு எங்கெங்கே சென்றுள்ளனர் என்று கேட்டு வந்தாள். திரும்பும் வழியில் இருவர் வினாக்களையும் எண்ணிப் பார்த்தேன். நான் அவள் எங்கே தங்குவாள் என்றே கேட்டிருந்தேன். அவள் எங்கே கற்பாள் என்று ஒரு வினாவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, "சென்னைக்குப் போகிறேன் அத்தா" என்றாள். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பொதுச் சொற்பொழிவுகளைச் சென்று கேட்கலாம் என்பதும் அவள் கூறிய காரணங்களுள் ஒன்று. நான் தொலைவைச் சொன்னேன், செலவைச் சொன்னேன், அவள் தாயின் உடல்நலத்தையும் சொன்னேன். "நீயே முடிவு செய்" என்று கூறிய அதே நாவால் அவள் முடிவை மாற்ற ஒரு வாரம் முயன்றேன்.

அப்போது என் தங்கை வந்திருந்தாள். 1986இல் அவளுக்கும் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வெளியூர் விடுதி வேண்டாம் என்று எங்கள் தந்தையார் மறுத்துவிட்டார். அண்ணன் என்ற முறையில் நானும் அருகிலிருந்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் படிப்பு அத்துடன் நின்றது. அந்தச் சேர்க்கைக் கடிதத்தை அவள் நெடுங்காலம் துணிப்பெட்டியில் வைத்திருந்ததை நான் அறிவேன். அன்று அவள் சினமின்றிச் சொன்னாள்: "என்னை ஒருவரும் கேட்கவில்லை அண்ணே. நீங்கள் உங்கள் மகளைக் கேட்டுவிட்டீர்கள். இனி அவள் பதிலையும் கேளுங்கள்." அதன்பின் நான் எதுவும் பேசவில்லை. மறுநாள் சென்னைக்குப் பயணச்சீட்டு எடுத்தேன்.

அவ்வாறாயின் பெற்றோர் வாய் திறவாதிருக்க வேண்டுமா எனச் சிலர் வினவலாம். இல்லை. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் பொறுப்பேற்று, 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராகவும் விளங்கிய பாத்திமா பீவி அவர்களை நாம் அறிவோம். அறிவியலில் மேலும் பயில எண்ணியிருந்த அவரைச் சட்டம் பயில ஊக்குவித்தவர் அவர்தம் தந்தையார். நீதித்துறையில் தடம் பதித்த அன்னா சாண்டியைத் தம் மகளுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். மகள் அறியாத ஒரு வழியை அவர் திறந்து காட்டினார். இருந்த வழியை அடைக்கவில்லை. வழிகாட்டல் வேறு, வழிமறித்தல் வேறு. மகளுக்கு இரண்டு மடங்கு வாய்ப்பைக் காட்டும் அறிவுரை நல்லறிவுரை. இருப்பதையும் பாதியாக்கும் அறிவுரை எத்துணை அன்போடு கூறப்படினும் தீங்கே.

நடைமுறை தொடர்பான இரண்டு செய்திகளையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகின்றது. கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் மாணவரே விருப்ப வரிசையில் பதிய வேண்டும். அவ்வரிசைப்படியே இடம் ஒதுக்கப்படும். ஆனால், பல குடும்பங்கள் அப்பொறுப்பைக் கடைத்தெருவிலுள்ள கணினி மையத்தாரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. ஒரு பெண்ணின் நான்காண்டுப் படிப்பை, அவளை முன்பின் அறியாத ஒருவர் கால்மணி நேரத்தில் வரிசைப்படுத்துகின்றார். வீட்டில் அவளோடு அமர்ந்து, அவள் கையாலேயே அவ்வரிசையைத் தாளில் எழுதச் செய்த பின்னரே மையத்திற்குச் செல்லுங்கள்.

மற்றொன்று: முதலில் இடம் தந்த கல்லூரியில் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு, பின்னர் விரும்பிய கல்லூரியில் இடம் கிடைத்தும் செல்ல இயலாமல் தவிப்போர் உளர். சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் திருப்பித் தந்துவிட வேண்டும்; கல்லூரிகள் அவற்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. விலகுவோர்க்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் நாள் கணக்கில் விதிமுறை வகுத்துள்ளது. அச்சத்தால் அவசரப்பட வேண்டியதில்லை.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் மிகுந்த மாணவியர்க்கு நம் ஜமாஅத்துகள் விழா எடுத்துப் பரிசளிக்கின்றன, பாராட்டத்தக்கதே. அதனோடு, அப்பெண்ணும் அவள் பெற்றோரும் இரண்டு மூன்று கல்லூரிகளை நேரில் கண்டுவரப் பயணச் செலவையும் அளிக்கலாமே! ஊரிலிருந்து சென்று வெளியூரில் பயின்ற பெண்களை வரவழைத்து, ஒரு மாலைப்பொழுது இவர்களோடு உரையாடச் செய்யலாமே! பொன்னாடையைவிட அது நெடுநாள் பயன் தரும்.

என் மகளின் முடிவே சரியானது என்று மெய்ப்பிக்க நான் இதனை எழுதவில்லை. முதற்பருவத் தேர்வில் ஒரு தாளில் அவள் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. தொலைபேசியில் அழுதாள். "திருச்சிக்கே போயிருக்கலாம்" என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்து நின்றது. நான் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவளே, "நானே தேர்ந்தெடுத்தது அத்தா, நானே சரிசெய்துகொள்கிறேன்" என்றாள். நாம் தேர்ந்து கொடுத்த கல்லூரியாயின், அப்பிழை நம்முடையதாகியிருக்கும். அதனைச் சரிசெய்யும் துணிவு அவளுக்கு வாய்த்திராது. கல்லூரி மூன்றாண்டில் கற்பிக்க வேண்டியவற்றுள் ஒன்றை அவள் வாயிலுள் நுழையுமுன்னரே கற்றுவிட்டாள் என்று எண்ணி அமைதியுற்றேன்.