சுண்டைக்காய்க் கணக்கு

வண்டியில் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவிட்டு வருகிறவரிடம் அக்கம்பக்கம் முதலில் கேட்பது, “எவ்வளவு கேட்டாங்க?” தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்து விழும்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு வாங்கிய விலை என்று ஒன்றே கிடையாது. லாப்ரடார் என்றாலும் குட்டியாக வாங்கியபோது கொடுத்தது சில ஆயிரங்கள். நொறுங்கிய தொடை எலும்பைத் தட்டும் திருகும் வைத்துச் சேர்க்கத் தனியார் மருத்துவமனையில் பல பத்தாயிரங்கள் கேட்பார்கள். அந்தக் காசுக்கு நாலு குட்டி வாங்கலாமே என்று உறவினர் ஒருவர் கட்டாயம் சொல்வார். சொல்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை; பெரும்பாலும் அந்த வீட்டின் வரவு செலவு தெரிந்தவராகத்தான் இருப்பார்.

இந்தக் கணக்கு பிழை என்று சொல்ல வள்ளலாரைத் துணைக்கு அழைக்க வேண்டாம். சட்டமே அதைக் கைவிட்டுவிட்டது. 1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 428-வது பிரிவு, பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கைக் கொல்வதையும் ஊனமாக்குவதையும் குற்றமாக்கியது. மதிப்பு ஐம்பது ரூபாயை எட்டினால் 429-வது பிரிவு, தண்டனை அதிகம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் அந்த விலைப்பட்டியல் இல்லை. எந்த விலங்கானாலும் ஐந்து ஆண்டுவரை சிறை. சந்தை விலையை வைத்து உயிரை நிறுக்கும் வழக்கத்தைச் சட்டப் புத்தகம் விட்டொழிக்க 164 ஆண்டுகள் ஆயின.

ஆனால், இது அடுத்தவர் நாயைக் கொல்கிறவனுக்கான சட்டம். சொந்த நாய்க்கு வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் யாருடைய சட்டைப்பையிலும் கையை விடுவதில்லை. பசியாலும் தாகத்தாலும் வதைபடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதை 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கிறது. முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் முளைத்த சட்டம் அது. அபராதத் தொகை மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது. ஆக, காப்பாற்றினால் பல பத்தாயிரம், சந்தையோரம் இறக்கிவிட்டு வந்தால் ஐம்பது ரூபாய். காரை நிறுத்தி, கதவைத் திறந்து, நொண்டும் நாயை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எதிர்முனையில் இன்னொரு கூட்டம். காசில்லாதவர் எதற்கு நாய் வளர்க்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நாய் நேசம் பேசுகிறவர்களின் வாயிலிருந்தே இது வருவதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் நாய்கள் பெரும்பாலும் யாரோடு வாழ்கின்றன? டீக்கடைக்காரரோடு, இஸ்திரி வண்டிக்காரரோடு, ஆட்டுக்கிடை போடுகிறவரோடு, ஒற்றை அறை வாடகை வீட்டுப் பிள்ளைகளோடு. லட்ச ரூபாய் சேமிப்பு உள்ளவர் மட்டுமே நாய் வளர்க்கலாம் என்று விதி செய்தால், அந்த நாய்கள் மறுநாளே பணக்கார வீடுகளுக்குக் குடிபோய்விடாது. அவை தெருவுக்குத்தான் போகும். செலவு செய்ய முடியாதவரைக் குற்றவாளியாக நிறுத்துவது நாய்க்கும் நல்லதல்ல. மருத்துவரிடம் ‘என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது’ என்று சொல்ல வந்தவர் வெட்கப்பட்டு வாசலோடு திரும்பிவிடுவார்.

இரு தரப்பும் பணத்திலிருந்தே தொடங்குகின்றன. தொடங்க வேண்டிய இடம் அடிபட்ட உடம்பு.

வாகனம் மோதிய நாயின் தொங்கும் கால்தான் நம் கண்ணில் படும். மருத்துவர் பார்ப்பது ஈறின் நிறத்தையும் மூச்சையும் வயிற்றையும். ஈறு வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். நுரையீரலில் பட்ட அடி முதல் ஒன்றிரண்டு நாளில் முற்றுவதுண்டு. உதரவிதானம் கிழிந்திருக்கலாம், மூத்திரப்பை உடைந்திருக்கலாம். இவைதான் அவசரம். இவற்றுக்குப் பார்க்கும் முதலுதவி, சொட்டு மருந்து, வலி ஊசி, எக்ஸ்ரே ஆகியவற்றுக்கான செலவை யோசிக்காமல் செய்துவிட வேண்டும். எலும்பு முறிவு அறுவையோ பெரும்பாலும் சில நாள் பொறுக்கும். அதிர்ச்சி தணியாத உடம்பை மயக்குவதைவிடப் பொறுப்பதே நல்லது. இன்றைக்கே பணம் கட்டினால்தான் ஆச்சு என்ற பதற்றத்தில் இரவோடு இரவாக நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு அலைகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்தது, எது உடைந்திருக்கிறது என்பது. இடுப்பெலும்பு முறிந்த நாயைப் பார்த்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றும், பின்பாகமே இழுபடும். தொடை எலும்பு பொருந்தும் குழி சிதையாமல் இருந்தால், சில வாரம் கூண்டில் அடக்கி வைப்பதிலேயே பல நாய்கள் தேறிவிடுகின்றன. இதற்கு நேர்மாறு பொமரேனியன் போன்ற சின்ன நாய்களின் முன்னங்கால். சோபாவிலிருந்து குதித்தாலே முறியும், பார்க்கச் சின்ன முறிவு, மாவுக்கட்டு போட்டால் போதும் என்று தோன்றும். மணிக்கட்டுக்கு மேலே அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கட்டுக்குள்ளே கூடாமல் போவது அதிகம். மலிவான வழியில் போய், பிறகு பிரித்து, தட்டும் வைத்து, இரட்டைச் செலவு செய்தவர்கள் உண்டு.

முதுகெலும்பு முறிவுதான் நெஞ்சை அறுப்பது. பின்னங்கால்கள் துவண்ட நாயை மேசையில் படுக்கவைத்து, மருத்துவர் ஃபோர்செப்ஸ் இடுக்கியால் கால்விரலின் எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பார். கால் வெடுக்கென்று மடங்கும். “பாருங்க டாக்டர், இழுக்குது, உணர்ச்சி இருக்கு!” என்று வளர்த்தவர் முகம் மலரும். மருத்துவர் காலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். நாயின் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்த்ததா, முனகியதா, கடிக்க வந்ததா? கால் மடங்குவது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்யும் வேலை. மூளையோடு உள்ள தொடர்பு அறுந்துபோயிருந்தாலும் அது நடக்கும். வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் அறுவைக்குப் பொருள் உண்டு. சேராவிட்டால், வட்டு பிதுங்கிய நோயில்கூட அறுவைக்குப் பின் எழுந்து நடப்பவை ஏறத்தாழப் பாதி. முதுகெலும்பே முறிந்து நழுவிய விபத்தில் நடப்பது மிக அரிது. பல பத்தாயிரம் ரூபாய் கேள்விக்குப் பாதி விடை அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் வேறு. “உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். பாவம், அவருக்கு ஊழியர் இருக்கிறார்கள், மருந்து கையில் இருக்கிறது, கூலி இல்லாமல் வெட்டித் தைக்கக் கைகள் இருக்கின்றன. அவர் பதில் நமக்கு உதவாது. ஆறு மாதம் கழித்து இந்த நாய் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும். நடக்குமா, தானாக மூத்திரம் போகுமா, வலி இருக்குமா? அறுவை இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதைவிடக் குறைந்த செலவில் இரண்டாம் வழி உண்டா?

அந்த இரண்டாம் வழியைப் பற்றி நம் ஊரில் பேச்சே எழுவதில்லை. சிதைந்த காலை எடுத்துவிடுவது என்றால் வளர்ப்பவர்கள் பதறிப்போகிறார்கள். அது நம் பயம். நாய் தன் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. பின்னங்கால் ஒன்று போன நாய் சில நாளில் எழுந்து மூன்று காலில் ஓடப் பழகிவிடும். மூன்று முறை அறுத்துத் தட்டு மாற்றுவதைவிட ஒரே முறையில் முடியும் இது, கனத்த உடம்பும் மூட்டுத் தேய்மானமும் இல்லாத நாய்க்குப் பல நேரம் மேல். இடுப்பு மூட்டு நொறுங்கினால் செயற்கை மூட்டுக்குப் பதிலாகத் தொடை எலும்பின் தலையை மட்டும் வெட்டி எடுக்கும் அறுவை இருக்கிறது. கொஞ்சம் விந்தி நடக்கும், வலியில்லாமல் நடக்கும். இவற்றைச் சொன்னால் தரம் குறைந்த வைத்தியம் செய்வதாக நினைப்பார்களோ என்று மருத்துவர் தயங்குகிறார். கேட்டால் கஞ்சன் என்று நினைப்பாரோ என்று நாம் தயங்குகிறோம். நடுவில் கிடப்பது நாய்.

மதிப்பீட்டில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் நாயை அடக்கி வைக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் முப்பது கிலோ நாயை ஒவ்வொரு முறையும் யார் இறக்குவது? நடக்காமல் போன நாய் என்றால் தினம் மூன்று நான்கு முறை அடிவயிற்றை அழுத்தி மூத்திரம் எடுக்க வேண்டும். பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்து ஈ மொய்க்கும். இது எப்போதும் வீட்டில் இருக்கும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. முடிவெடுக்கும்போது அவரை யாரும் கேட்பதில்லை. இணையத்தில் முகம் தெரியாதவர்கள் பணம் அனுப்பி அறுவையை முடித்துவைக்கலாம். வயிற்றை அழுத்த அவர்கள் வரமாட்டார்கள்.

என் தீர்ப்பு இதுதான். நல்லபடி தேறும் வாய்ப்பு உள்ள முறிவு, கையில் உள்ள பணம் அல்லது வலிக்காமல் திருப்பக்கூடிய கைமாற்று, பார்த்துக்கொள்ள ஆள் - மூன்றும் கூடினால் நாயின் விலையை நினைக்காமல் செலவு செய்யலாம். வயதைக் காட்டி மட்டும் மறுக்க வேண்டாம். பதினைந்து வருடம் வாழும் சின்ன நாய்க்கு ஒன்பது வயது கிழம் அல்ல. ஆனால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்தோ, மீட்டர் வட்டிக்கு வாங்கியோ, பத்தில் ஒரு வாய்ப்பைத் துரத்துவது நாயின் மேல் உள்ள அன்பு என்று நான் நினைக்கவில்லை. அங்கே நாம் நம் குற்ற உணர்ச்சிக்கு வைத்தியம் பார்க்கிறோம்.

ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்ற சொல் நம் வீடுகளில் கொலைக்குச் சமமாக ஒலிக்கிறது. தெருநாய்களுக்கே, குணமாகாத நோயோ உயிர்போகும் காயமோ இருந்தால், தகுதி பெற்ற மருத்துவர் வலியில்லாமல் முடிக்கலாம் என்று 2001-ம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் அனுமதித்தன. இன்னொரு நாயின் கண்ணெதிரே அதைச் செய்யக் கூடாது என்றும் சொன்னன. இதைத் தாங்காத மனசு பல வீடுகளில் வேறொன்றைச் செய்கிறது: வைத்தியமும் பார்க்காமல், ஊசியும் போடாமல், ‘அதுவா போகட்டும்’ என்று மாடிப்படியின் அடியில் சாக்கு விரித்துப் போட்டுவைக்கிறது. இருக்கும் வழிகளில் கொடியது அது. அதற்குத்தான் செலவே இல்லை.

தனிமனிதர் இப்படித் திணறுவதற்குப் பொதுக் காரணம் ஒன்றும் உண்டு. நம் அரசுக் கால்நடை மருந்தகங்கள் பெயருக்கேற்ப ஆடு மாடுகளுக்காக எழுந்தவை. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தியும் அப்படியே. பசுவுக்குக் காப்பீடு எடுத்தால் அரசு மானியம் தருகிறது. நாய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் திட்டம் விற்கின்றன. வயது வரம்பு உண்டு, அடிபட்ட பிறகு எடுக்க முடியாது, வளர்ப்பவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏழை நாய்களின் எலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் சென்னை வேப்பேரியே கதி. அங்குள்ள, 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விடிந்ததும் கூடும் கூட்டத்தில் ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்த நாய்கள் எத்தனை என்று பார்த்தாலே தேவை புரியும். கம்பத்தில் அடிபட்ட நாயும் களக்காட்டில் அடிபட்ட நாயும் அங்கே வந்து சேர முடியாது.

நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று சென்னைக்கு வெளியே ஆறு அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிறு பிராணிகளுக்கான எலும்பு அறுவைப் பிரிவை இரவிலும் இயங்கும்படி வலுப்படுத்தி, எந்த முறிவுக்கு என்ன வழி, எந்த வழிக்கு என்ன கட்டணம் என்று வாசலில் தமிழில் பலகை வைக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் சேர்க்கும் முன்பே மதிப்பீட்டை எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இடமும் ஆசிரியர்களும் கற்றுக்கொள்ள மாணவர்களும் ஏற்கெனவே இருப்பதால் இது கட்டிடம் கட்டும் செலவு அல்ல. கால்நடை பராமரிப்புத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையில் அமைச்சர் இதற்கு ஒரு வரி ஒதுக்கட்டும்.